வாழையைச் சாய்த்த காற்று எது?

சித்திரை, வைகாசி மாதங்களில் தேனி, ஈரோடு, திருநெல்வேலி வட்டாரச் செய்திகளில் ஆண்டுதோறும் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: ‘சூறாவளிக் காற்றில் ஆயிரக்கணக்கான வாழைகள் சாய்ந்தன.’ அதே சொல்லைத்தான் வங்கக்கடலில் உருவாகும் புயலுக்கும், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் வீடுகளின் கூரையைப் பிய்த்தெறியும் டொர்னாடோவுக்கும் பயன்படுத்துகிறோம். வாழைகளைச் சாய்த்த காற்றோ பெரும்பாலும் சுழல்வதே இல்லை.

கோடை வெயிலில் சூடேறிய தரையிலிருந்து ஈரக்காற்று மேலெழும்போது அதிலுள்ள நீராவி குளிர்ந்து துளிகளாகிறது. அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் காற்றை மேலும் இலேசாக்கி உயர்த்த, முகில் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரம் வரை வளர்ந்துவிடும். பிறகு இறக்கம் தொடங்குகிறது. விழும் மழைத்துளிகள் தம்மோடு காற்றையும் இழுத்து வருகின்றன. அவற்றில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிரச் செய்கிறது. குளிர்ந்து கனத்த அந்தக் காற்று வேகமாகத் தரையில் மோதி, குடத்தைக் கவிழ்த்தால் முற்றத்தில் நீர் பரவுவதுபோல் எல்லாப் பக்கமும் பரவுகிறது. முதல் துளி விழுவதற்குச் சற்று முன்பு மண்வாசனையோடு முகத்தில் அறையும் சில்லென்ற காற்று இதுவே. பெரும்பாலும் புழுதியைக் கிளப்புவதோடு அடங்கிவிடும் அது, சில வேளைகளில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும்; தார் கனத்து நிற்கும் வாழை அதற்குத் தாங்காது. இறங்கும் குளிர்காற்று, ஏறிவரும் வெப்பக்காற்றின் வழியையே அடைத்துவிடுவதால், சாதாரண இடிமழை முகில் ஒரு மணி நேரத்துக்குள் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது.

1975 ஜூனில் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் தரையிறங்க வந்த விமானம் ஒன்று இடிமழையினூடே விழுந்து நொறுங்கியது. அதை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் டெட்சுயா ஃபுஜிட்டா, இந்த இறங்குகாற்றுக்கு ‘டவுன்பர்ஸ்ட்’ என்று பெயரிட்டார். வானிலிருந்து பார்க்கையில் மரங்கள் விசிறிபோல் விரிந்து கிடந்தால் இறங்குகாற்று, ஒரு கோட்டை நோக்கிக் குவிந்து கிடந்தால் டொர்னாடோ என்று பிரித்தறியக் கற்பித்தவரும் அவரே.

டொர்னாடோவும் இடிமழை முகிலிலிருந்துதான் பிறக்கிறது. ஆனால் அதற்கு ‘விண்ட் ஷியர்’, அதாவது உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுபடுவது, மிகவும் வேண்டும். விளக்குத் திரி திரிக்கும்போது ஒரு கை நிற்க மறு கை நகர்வதால் பஞ்சு உருள்கிறதல்லவா? அதுபோலக் கீழே மெதுவாகவும் மேலே விரைவாகவும் வீசும் காற்றுகளுக்கு இடையே காற்று படுத்தவாக்கில் உருள்கிறது. ஏறுகாற்று அவ்வுருளையை நிமிர்த்திவிட்டால் முகிலே சுழலத் தொடங்கும். இதற்கு சூப்பர்செல் என்று பெயர். மழை விழும் இடத்தையும் காற்று ஏறும் இடத்தையும் ஷியர் தனித்தனியே பிரித்து வைப்பதால் இந்த முகில் பல மணி நேரம் வாழ்கிறது. அதன் அடியிலிருந்து சில நேரம் தொங்கும் டொர்னாடோ பொதுவாகச் சில நூறு மீட்டர் அகலமே கொண்டது, பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிப்பது; ஆயினும் மிகக் கடுமையானவற்றில் காற்று மணிக்கு 320 கிலோமீட்டரை மிஞ்சும். இது அமெரிக்காவின் தனிச்சொத்து என்ற எண்ணம் தவறு. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கிய டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தனர் என்பது பரவலான கணிப்பு. உலக அளவில் அதுவே மிகக் கொடியது.

புயலுக்கு இதே ஷியர் எமன். புயல் தனியொரு முகில் அன்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் இடிமழை முகில்கள் ஒரு மையத்தைச் சுற்றி அணிவகுத்த அமைப்பு. ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் கடலில் கணிசமான ஆழம் வரை இருந்தால்தான் அதற்குத் தீனி கிடைக்கும். பூமியின் சுழற்சியால் விளையும் கொரியோலிஸ் விசைதான் அதைச் சுழல வைக்கிறது. மையத்துக்கு மேலே திரளும் வெப்பத்தை ஷியர் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் புயல் சாய்ந்து குலைந்துபோகும். ஜூலை, ஆகஸ்டில் வங்கக்கடல் போதிய வெப்பத்துடன் இருந்தும் புயல்கள் அரிதாகவே தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுவே: அப்போது கீழே மேற்குக் காற்றும், உயரத்தில் அதற்கு நேர் எதிரான கிழக்குக் காற்றும் விரைந்து வீசுகின்றன. அந்த மாறுபாடு தளரும் ஐப்பசி, கார்த்திகையில் நமக்குப் புயல் காலம்.

புயலைக் காற்றின் வேகத்தால் தரம் பிரிப்பது வழக்கம் என்றாலும், அந்தத் தரம் மழையைப் பற்றி ஏதும் சொல்லாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், ‘தீவிரப் புயல்’ என்ற நிலையைக்கூட எட்டவில்லை. ஆனால் கரையேறியபின் நகராமல் நின்றதால், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது.

புயலுக்கு மட்டும் உரிய இன்னொன்றைச் சென்னைவாசிகள் 2016 டிசம்பர் 12 அன்று நேரில் கண்டார்கள். வர்தா கரையைக் கடந்த பிற்பகலில், வடக்குப் பக்கத்திலிருந்து அடித்த காற்று திடீரென ஓய்ந்தது. பலர் வெளியே வந்து முறிந்த கிளைகளைப் பார்த்தார்கள். அது புயலின் கண். மையத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடுவதால், கண் மேற்கே நகர்ந்தவுடன் அதே காற்று தெற்குப் பக்கத்திலிருந்து திரும்ப வந்தது, முதற்பாதியில் வேர் தளர்ந்த மரங்களை எதிர்த்திசையில் சாய்ப்பதற்கு.