ஃபால்பேக்னா பின்னடைவு இல்லீங்க

போன சனிக்கிழமை சிங்கப்பூர் செங்காங்குல ஒரு சின்ன லினக்ஸ் பட்டறை. பேசுனவரு திரையில "தொலைநிலைக் கணினியில் பின்னடைவு இயங்குதளத்தைப் பாதுகாப்பாகச் சோதித்தல்"னு கொட்டை எழுத்துல போட்டாரு. ஃபால்பேக் ஓஎஸ், அதாவது மெயின் சிஸ்டம் படுத்தா கைகொடுக்கிற இன்னொரு சிஸ்டம், அதைத்தான் பின்னடைவு இயங்குதளம்னு மொழிபெயர்த்திருக்காரு. இந்த வருஷத்துல மட்டும் இந்தச் சொல்ல நான் பாக்குறது மூணாவது தடவை. பக்கத்துல இருந்த அக்கா மெதுவா கேட்டாங்க, "ஏன் தம்பி, பின்னடைஞ்சு போனத எதுக்கு சோதிக்கணும், தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே?" அவங்க மேல என்ன தப்பு, தமிழ் தெரிஞ்சவங்க அப்படித்தான் கேப்பாங்க.

சொல்லோட கதை சின்னதுதான். ஃபால்னா விழு, பேக்னா பின்னால. சண்டையில நிக்க முடியாத படை பின்னால நகர்ந்து வேற இடத்துல நிக்கிறது அது. அப்புறம் அது, முதல் ஏற்பாடு கவுந்தா போய் நிக்கிற இடம்னு ஆயிடுச்சு. விழுறது முதல் ஏற்பாடு, தாங்குறது இது. பின்னடைவுன்னு சொன்னா தாங்குறவன் தலையிலயே பழி விழுது.

தமிழ்ல பின்னடைவு எங்க வரும்? தேர்தல் செய்தியில, "வேட்பாளர் 2,000 ஓட்டு பின்னடைவு". வியாபாரத்துல, உடம்புல. எல்லாமே கெட்ட சேதி. இதுல இன்னொரு கூத்து, புது மாத்தத்தால பழசு ஏதும் கெட்டுச்சான்னு பாக்குற ரிக்ரெஷன் டெஸ்ட்டுக்கும் அதே மனுஷன் பின்னடைவுச் சோதனைன்னுதான் போட்டிருக்காரு, ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா எதைச் சோதிச்சோம்னு யாருக்குத் தெரியும்? அவர் திரையில வந்த ஒரு வரி: "பின்னடைவில் பின்னடைவு ஏற்பட்டால் முதன்மைக்குத் திரும்பும்." சத்தியமா அப்படியே இருந்துச்சு.

சரி, அந்தத் தலைப்பு சொல்ல வந்த விஷயம் என்ன? மிஷின் டேட்டா சென்டர்ல இருக்கு, கீபோர்டும் இல்ல, திரையும் இல்ல, தூரத்துல இருந்தே நுழைஞ்சு கட்டளை அடிக்கிற எஸ்எஸ்எச் மட்டும்தான். டிஸ்க்குல தனியா பிரிச்ச ஒரு பார்ட்டிஷன்ல சின்னதா இன்னொரு லினக்ஸ், மெயின் சிஸ்டம் படுத்தா நுழையறதுக்கு. அது எழும்புமான்னு பாக்கணும், ஆனா எழும்பலன்னா நடுராத்திரி டாக்சி புடிச்சு ஓடக்கூடாது. முதல்ல அந்தப் பார்ட்டிஷனை க்யூஎமுல, அதாவது கணினிக்குள்ளயே இன்னொரு போலிக் கணினிய ஓட்டுற மென்பொருள்ல, ஸ்னாப்ஷாட் போட்டு ஓட்டிப் பாப்போம், டிஸ்க்குல எதுவும் எழுதாது. அப்புறம் க்ரப்-ரீபூட், எந்த சிஸ்டத்தை எழுப்பணும்னு பாக்குற க்ரப்புக்கான கட்டளை, அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கும். லினக்ஸோட மையமான கெர்னலுக்கு பேனிக்=10 குடுத்துட்டா, அது பேனிக் ஆகி, அதாவது மேல ஓட முடியாம நின்னு, 10 வினாடியில தானா ரீபூட் ஆகி மெயினுக்கு வந்துடும். நெட்வொர்க் மட்டும் வரலன்னா பேனிக் ஆகாது, அதனால உள்ளேயே 15 நிமிஷத்துல ரீபூட்னு வச்சிட்டு, எஸ்எஸ்எச்ல நுழைஞ்சதும் ரத்து பண்ணுவோம். ஒண்ணு கவனிங்க, "ஒரு தடவைதான்"ங்கிற குறிப்பை க்ரப் டிஸ்க்குல எழுதித்தான் அழிக்கணும், பூட் பகுதி எல்விஎம், ரெய்டு மாதிரி டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுற அமைப்பு மேல இருந்தா அதால எழுத முடியாது, ஒரு தடவை எல்லாத் தடவையும் ஆயிடும்.

இப்ப சொல்லுங்க, இதுல எங்க பின்னடைவு?

மாற்று இயங்குதளம்னு சிலர் எழுதுறாங்க. அது தேவலாம், ஆனா விளையாட்டுக்காக விண்டோஸும் வேலைக்காக லினக்ஸும் வச்சிருந்தா அதுவும் மாற்றுதானே, இது இஷ்டத்துக்கு மாத்திக்கிற விஷயமில்ல. காப்புன்னா பேக்கப்போட குழம்பும், அது வெறும் நகல், நகல் மேல நிக்க முடியாது.

என் ஓட்டு கைகாவலுக்கு. பட்டுக்கோட்டையில எங்க பாட்டி, நான் சிங்கப்பூர் கிளம்புறப்பல்லாம் "கைகாவலுக்கு நாலு காசு வச்சுக்கய்யா"ன்னு சொல்லும். ஆபத்துக்கு உதவ ஒதுக்கி வைக்கிறதுதான் அது. சோதிக்கணும்ங்கிறதும் அதுலயே இருக்கு: பாட்டி தன் கைகாவலுக்கு அரிசி டின்னுக்குள்ள ரெண்டு 500 ரூபா நோட்டு வச்சிருந்துச்சு, 2016 நவம்பர்ல செல்லாதுன்னு அறிவிச்சது அதுக்குத் தெரியாது, மறு வருஷம் ஆஸ்பத்திரி செலவுக்கு எடுத்தப்பதான் தெரிஞ்சுது. இருந்துச்சு, ஆனா எழும்பல.

நம்ம மொழிபெயர்ப்பாளருங்க பிரச்சினை என்னன்னா, அகராதியத் தொறந்து பாதியப் பாதியா வெட்டி ஒட்டுறாங்க, பேக்னு பாத்தா கை தானா "பின்"னு அடிச்சிடுது. 1997ல கணினித் தமிழுக்காக தமிழ்நெட் மாநாடு நடந்த ஊருங்க இது, கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி தன் மென்பொருளுக்கு கணியன்னு பேரு வச்ச ஊரு. இவ்வளவு நாள் கழிச்சு இப்படியா?

டீ குடிக்கிறப்ப அவர்கிட்டயே சொன்னேன். கைகாவல் கிராமத்துச் சொல்லு மாதிரி இருக்கே, ஆவணத்துல எப்படிப் போடுறதுன்னாரு. சர்வர்னா என்ன சார், பரிமாறுறவன்தானே, அதைப் போடலையான்னு கேட்டேன். சிரிச்சாரு. அடுத்த பட்டறைக்கான அறிவிப்பு நேத்து வந்துச்சு, பின்னடைவு அப்படியே இருக்கு.