ஒரேச்சர்: ‘வாய்மொழி இலக்கியம்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

ஆப்பிரிக்க இலக்கியம் பற்றிய ஆங்கில ஆய்வுகளைப் படிக்கும்போது ‘ஒரேச்சர்’ என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். தமிழில் தரும்போது ‘வாய்மொழி இலக்கியம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது எளிது. பொருள் பிழை என்று யாரும் கைகாட்ட முடியாது. ஆனால் ‘வாய்மொழி இலக்கியம்’ என்பதற்குச் சமமான ‘ஓரல் லிட்டரேச்சர்’ என்ற ஆங்கிலத் தொடர் வேண்டாம் என்று சொல்வதற்காகவே கட்டப்பட்ட சொல் அது. எதை மறுத்து அந்தச் சொல் பிறந்ததோ அதையே அதற்குப் பெயர்ப்பாக வைத்தால் கட்டுரையாளரின் வாதம் பாதியில் அறுந்துபோகும்.

சொல்லை உருவாக்கியவர் உகாண்டாவின் மொழியியலாளர் பியோ ஸிரிமு. கம்பாலாவில் உள்ள மகெரேரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1960களில் அவர் இந்தச் சொல்லை உருவாக்கினார் என்று கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தம் கட்டுரைகளில் பதிவு செய்திருக்கிறார். ‘ஓரல்’ என்பதன் தலையையும் ‘லிட்டரேச்சர்’ என்பதன் வாலையும் ஒட்டியதுதான் ‘ஒரேச்சர்’. வாயால் மொழிவதை அழகியல் வெளிப்பாட்டுக்கான கருவியாகக் கையாளுதல் என்பது ஸிரிமு தந்த வரையறை. முதலில் அவரும் இதை ‘ஓரல் லிட்டரேச்சர்’ என்பதற்கு மாற்றாகத்தான் புழங்கினார். போகப் போக இரண்டுக்கும் இடையே கோடு கிழித்தார். 1977இல் அவர் மறைந்தபோது அந்த வேலை முடிந்திருக்கவில்லை.

கோடு எதற்கு? ‘லிட்டரேச்சர்’ என்ற சொல்லின் அடியில் இருப்பது ‘லிட்டெரா’ என்ற லத்தீன் சொல். அதற்கு எழுத்து என்று பொருள். அப்படியானால் ‘ஓரல் லிட்டரேச்சர்’ என்பது வாயால் சொல்லப்படும் எழுதப்பட்ட பொருள் என்றாகிறது. வாயும் எழுத்தும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அமெரிக்க அறிஞர் வால்டர் ஓங் 1982இல் வெளியான தம் நூலில் இந்தத் தொடரைக் கடுமையாகச் சாடினார். மோட்டார் வண்டியை மட்டுமே அறிந்த ஒருவருக்குக் குதிரையைச் சக்கரமில்லாத வண்டி என்று விளக்குவது போன்றது இது என்றார். குதிரைக்கு இல்லாதவற்றையெல்லாம் அடுக்கலாம். குதிரை என்ன என்பது கடைசிவரை தெரியாது. ஓங் இதை எழுதுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிழக்கு ஆப்பிரிக்காவில் மாற்றுச் சொல் வந்துவிட்டது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். மேலைக் கோட்பாட்டாளர்களின் பெயரால் இந்த விவாதத்தை அறிமுகப்படுத்துவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். அது ஸிரிமுவுக்கு இழைக்கும் அநீதி.

வெறும் சொற்பிறப்புச் சிக்கலுக்காக யாரும் புதுச்சொல் கட்டிப் போராடுவதில்லை. சண்டை நடந்த இடம் ஆங்கிலத் துறை. காலனி ஆட்சிக்காலத்தில் மகெரேரேயில் படித்தவர்களுக்குப் பட்டம் வழங்கியது லண்டன் பல்கலைக்கழகம். பாடத்திட்டத்தின் முதுகெலும்பும் ஆங்கில இலக்கியம்தான். 1962இல் அதே மகெரேரேயில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியது. நைஜீரிய எழுத்தாளர்களான சினுவா அச்செபி, வோலே சொயிங்கா, அப்போது மாணவராக இருந்த கூகி எல்லோரும் வந்தார்கள். மாநாட்டின் பெயரிலேயே ‘ஆங்கிலத்தில் எழுதும்’ என்ற அடைமொழி இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும், நைஜீரியாவின் யொருபா மொழியில் எழுதிய ஃபகுன்வாவுக்கும் அந்த அளவுகோலில் இடமில்லை என்பதைக் கூகி பின்னாளில் சுட்டிக்காட்டினார். ஆப்பிரிக்க மொழியில் எழுதியவர்களே வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்றால், எழுதாமலே பாடியவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

ஆறு ஆண்டுகள் கழித்து, 1968 அக்டோபர் 24 அன்று, நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி, ஹென்றி ஒவூர் அன்யும்பா, டாபன் லோ லியோங் மூவரும் ஓர் அறிக்கை வைத்தார்கள். ஆங்கிலத் துறையை ஒழித்துவிட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஷேக்ஸ்பியரைப் படிக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னதாக இன்றும் சிலர் எழுதுகிறார்கள்; அப்படி அவர்கள் சொல்லவில்லை. ஒரே பண்பாட்டின் தொடர்ச்சியைப் படிப்பது அவசியம் என்றால் அந்தப் பண்பாடு ஏன் ஆப்பிரிக்கப் பண்பாடாக இருக்கக் கூடாது என்று கேட்டார்கள். ஆப்பிரிக்காவை நடுவில் வைத்து, மற்றவற்றை அதனோடு உள்ள உறவில் படிக்கச் சொன்னார்கள். அந்த நடுவிடத்தில் வாய்மொழி மரபுக்கு முதன்மையான இடம் கேட்டார்கள். அது பழங்காலத்தோடு முடிந்துபோன ஒன்றாக அவர்களுக்குத் தெரியவில்லை. அன்றாடம் நடந்துகொண்டிருக்கும் கலையாகத் தெரிந்தது. ஆங்கிலத் துறை போய் இலக்கியத் துறை வந்தது. ‘ஒரேச்சர்’ என்ற சொல் வேர்பிடித்தது இப்படிப்பட்ட மண்ணில்தான்.

அது எதைப் பிடிக்க முயல்கிறது என்பதை ஒரு சுவாஹிலி விடுகதையைக் கொண்டு பார்க்கலாம். “கிட்டெண்டாவிலி!” என்று ஒருவர் குரல் கொடுக்கிறார். விடுகதை என்று பொருள். “டெகா!” என்று கூட்டம் திருப்பிச் சொல்கிறது: பொறியை வை என்று அழைப்பு. “என் வீட்டுக்குக் கதவில்லை” என்கிறார் போடுபவர். ஆளுக்கொரு விடை வருகிறது. எதுவும் சரியில்லை. அப்போது அவர் “எனக்கு ஓர் ஊர் கொடு” என்று கேட்பார். தோற்றவர் ஏதாவது ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அதைக் கொடுத்துவிட வேண்டும். ஊரை வாங்கிக்கொண்ட பிறகுதான் விடை வெளிவரும்: முட்டை.

இதைப் புத்தகத்தில் அச்சிட்டால் ‘கதவில்லாத வீடு: முட்டை’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அழைப்பும் மறுமொழியும், தோற்றவன் ஊரை இழக்கும் விளையாட்டும், சரியான விடைக்கு முன் வரும் தவறான விடைகளின் சிரிப்பும் காணாமல்போகும். ‘இலக்கியம்’ என்று எடுத்துவைக்கும் கண்ணுக்கு அந்த ஒரு வரிதான் சரக்கு, மீதியெல்லாம் சூழல். ‘ஒரேச்சர்’ என்று பார்க்கும் கண்ணுக்கு அந்த முழு நிகழ்வும் படைப்பு.

பெயர் வைக்கும் முறை ஆய்வையே எப்படித் திருப்பிவிடும் என்பதற்குக் காப்பியச் சர்ச்சை நல்ல சான்று. மானிடவியலாளர் ரூத் ஃபின்னகன் 1970இல் ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கியம் பற்றி எழுதிய நூல் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. நிகழ்த்துதலின் முக்கியத்துவத்தை அழுத்திச் சொன்னவர் அவர். அவரே, காப்பியம் என்ற வகை சகாராவுக்குத் தெற்கே பரவலாக இல்லை என்று எழுதினார். ஹோமரை வைத்து உருவான வரையறையோடு தேடினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கொங்கோவின் நியாங்கா மக்களிடையே காண்டி ருரேக்கே என்ற கலைஞர் நிகழ்த்திய ம்விண்டோ கதையை மானிடவியலாளர் டேனியல் பீபய்க் பதிவு செய்து 1969இல் வெளியிட்டிருந்தார். ருரேக்கே ஒரு கையில் சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையும் மறு கையில் நாயகன் ம்விண்டோவின் கோலும் ஏந்தி, பாடி, சொல்லி, ஆடி அதை நடத்தினார். பாட்டும் உரைநடையும் மாறி மாறி வரும் அந்த வடிவம் முழுக்கச் செய்யுளாக இல்லை என்பதற்காகக் காப்பியம் இல்லை என்றாகிவிடுமா? நைஜீரிய அறிஞர் இசிடோர் ஒக்பெவோ 1979இல் ஆப்பிரிக்கக் காப்பியம் பற்றித் தனி நூலே எழுதி ஃபின்னகனின் கருத்தை மறுத்தார். ஒக்பெவோ கையாண்டது ‘ஓரல் லிட்டரேச்சர்’ என்ற தொடரைத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லை ஏற்காமலே அதன் உள்ளடக்கத்துக்காக வாதாடியவர்களும் இருந்தார்கள்.

ஸிரிமுவுக்குப் பிறகு சொல்லை முன்னெடுத்துச் சென்றவர்கள் மூவர். அவரோடு சேர்ந்து எழுதிய ஆஸ்டின் புக்கென்யா, கென்யப் பெண் கவிஞரும் அறிஞருமான மிச்செரே கிதாயி முகோ, பிறகு கூகி. முகோ இதை மனித உரிமைப் பேச்சோடு இணைத்தார். கூகி இதைத் தனித்தன்மையுள்ள ஓர் அழகியல் அமைப்பு என்று நிறுவ முயன்றார்: எழுத்துக்கு முந்திய படிநிலை என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எழுத்துக்கு அருகிலேயே சமமாக இயங்குவதாக ஏற்க வேண்டும் என்றார். கென்யப் பள்ளிப் பாடத்திட்டத்தில் மட்டும் ‘ஓரல் லிட்டரேச்சர்’ என்ற பழைய பெயரே நிலைத்துவிட்டது. புக்கென்யாவே 1983இல் ஜேன் நாண்ட்வாவுடன் எழுதிய பள்ளி நூலின் தலைப்பில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

இனி நம் மொழிக்கு வருவோம். முதலில் சுவாஹிலியைக் கவனிப்பது நல்லது. அங்கே இலக்கியத்துக்கு ‘ஃபசீஹி’ என்று பெயர். நாவன்மையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வாய்மொழியானது ‘ஃபசீஹி சிமுலிசி’, எழுதப்பட்டது ‘ஃபசீஹி அண்டிஷி’. பொதுப்பெயரில் எழுத்து இல்லாததால் முரண் எழவில்லை. இரண்டுக்கும் அடைமொழி இருப்பதால் ஒன்று மற்றதன் கீழ் நிற்கவும் இல்லை.

தமிழின் நிலை பாதி அப்படி. ‘இலக்கியம்’ என்பதை இலக்கு என்ற சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு, வடமொழி ‘லக்ஷ்ய’த்தோடு சேர்ப்பவர்களும் உண்டு, இரு வழியிலும் அதனுள் ஏடோ எழுத்தாணியோ இல்லை. ஆகவே ‘வாய்மொழி இலக்கியம்’ தமிழில் முரண்தொடர் ஆகாது. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பிசி என்ற விடுகதையும் முதுசொல் என்ற பழமொழியும் நூலோடு தோளொட்டி நிற்கின்றன. ஈழத்து அறிஞர் கைலாசபதியின் சங்கப் பாடல் ஆய்வு அவற்றை வாய்மொழிப் பாணர் மரபில் வைத்துப் படித்தது; அது நூலாக வந்ததும் நைரோபி அறிக்கை வந்த அதே 1968இல்தான்.

மறுபாதிதான் உறுத்துகிறது. ‘எழுத்து இலக்கியம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில்லை. ‘இலக்கியம்’ என்று வெறுமனே சொன்னால் அச்சில் உள்ளது என்றே கொள்கிறோம். வாய்மொழிக்கு மட்டும் அடைமொழி போட்டு ஓரத்தில் உட்காரவைக்கிறோம். ஸிரிமு மறுத்த ஏற்றத்தாழ்வு சொற்பிறப்பு வழியாக வராவிட்டாலும் வழக்கு வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. ‘நாட்டார் இலக்கியம்’ என்பதும் இதற்கு உதவாது. அது யாருடையது என்பதைச் சொல்கிறது, எப்படி நிகழ்கிறது என்பதைச் சொல்வதில்லை. ‘வாய்மொழிக் கலை’ நெருங்கி வருகிறது. ஆனால் பறையையும் பொம்மலாட்டத்தையும் பேசும் இடத்தில் அது நழுவி நிகழ்த்துகலை என்ற பொதுப்பொருளில் கலந்துவிடுகிறது.

என் பரிந்துரை ‘வாய்மொழியம்’. இலக்கியம் என்பதற்கு ஓசையில் இணையாக நிற்கும் ஒற்றைச் சொல்; யாருடைய அடைமொழியாகவும் வாலாகவும் நிற்காது. இன்னொரு வலுவும் உண்டு. பழந்தமிழில் ‘வாய்’ என்பதற்கு உண்மை என்ற பொருளும் இருந்தது. அகநானூற்றின் 78ஆம் பாடலில் நக்கீரர் ‘வாய்மொழிக் கபிலன்’ என்று பாடும்போது பொய்க்காத சொல்லை உடையவன் என்றே குறிக்கிறார். செய்யுளியல் சொல்லும் ‘வாய்மொழி’யை உரையாசிரியர்கள் மந்திரம் என்று கொண்டார்கள். சொன்னால் பலிக்கும் சொல் என்ற அந்தப் பழைய கனம் புதுச்சொல்லுக்குள்ளும் இருக்கட்டும்.

பயன்படுத்தும்போது இரண்டையும் குழப்பாமல் இருப்பது முக்கியம். ஃபின்னகன், ஒக்பெவோ, கென்யப் பாடநூல்கள் ஆகியவற்றைத் தமிழில் தரும்போது ‘வாய்மொழி இலக்கியம்’ என்றே எழுத வேண்டும். அவர்கள் தேர்ந்த சொல் அது. ஸிரிமு, முகோ, கூகி ஆகியோரின் ‘ஒரேச்சர்’ வரும் இடங்களில் ‘வாய்மொழியம்’. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் முதல் இடத்தில் ‘ஒரேச்சர் எனப்படும் வாய்மொழியம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடரலாம். நிகழ்த்துபவரை ‘வாய்மொழியர்’ எனலாம். இணையவெளியில் பேச்சும் எழுத்தும் கலந்து உருவாகும் புதுவடிவத்தைப் பற்றிக் கூகி பேசும் இடத்தில் ‘இணைய வாய்மொழியம்’ என்று சொல்லலாம்.