வற்றுகிற குளத்தில் நாரைக்குப் பந்தி

திருகோணமலைக்கு வருகிறவர்கள் நிலாவெளிக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அநுராதபுரம் வீதியால் உள்ளே போனால் வருகிற சின்னக் குளங்களை எட்டிப் பார்ப்பவர் குறைவு. ஆவணியில் பார்த்தால் நடுவில் ஒரு சேற்றுக் குட்டை, சுற்றிலும் வெடித்த தரை, நாலைந்து எருமை. 'குளம் செத்துப்போச்சு' என்று சொல்லத் தோன்றும். அந்த நேரத்தில்தான் அங்கே கூட்டம் அதிகம்.

இந்தப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே கடும்பாறை. மாரி மழை ஆழமாக இறங்காமல் மேலோடு ஓடுவதால், பள்ளங்களுக்குக் குறுக்கே கட்டுப் போட்டு மறித்தார்கள். மேல்குளம் நிரம்பி வான் வழியே வழிந்தால் கீழ்க்குளம் நிறையும். அப்புறம் கோடை. மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி வருகிறது கச்சான் காற்று. ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்றாலே 100 நாளில் அரை மீட்டர் போய்விடும். வயலுக்குத் துருசு, அதாவது மதகு, திறப்பது தனிக்கணக்கு. குளமோ சாப்பாட்டுத் தட்டு மாதிரி. நூறு அடிக்கு ஓரடி சரிவு என்று வையுங்கள். அரை மீட்டர் இறங்கினால் கரை 50 மீட்டர் பின்வாங்கும்.

அந்த 50 மீட்டரில்தான் விஷயம். ஈரத்தில் புல் முளைக்கும், மாடுகள் மேய்ந்து சாணி போடும், அடுத்த மாரியில் அது முழுக்கத் தண்ணீருக்குள் போய் மீன்குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணுயிர்களை வளர்க்கும். ஆழப்படுத்துகிறோம் என்று பெக்கோ இயந்திரத்தை இறக்கிக் கரையைச் செங்குத்தாக வெட்டுவது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். தண்ணீர் நிற்கும், சரி. கொக்கு எங்கே நிற்கும்?

முழங்கால் ஆழத்தில் மீன்கள் நெருங்கியதும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வந்துவிடும். நான் பார்த்துக்கொண்டே நிற்பது நத்தைகுத்தி நாரையை. அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். பாக்குவெட்டி போல நத்தையின் ஓட்டை உடைக்கத்தான் அது என்று முன்பு நினைத்தார்கள். ஆனால் அது தின்றுவிட்டுப் போட்ட ஓடுகள் பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும். மேலலகால் நத்தையை நிலத்தோடு அழுத்தி, கீழலகின் கூரிய நுனியை ஓட்டு வாயை அடைத்திருக்கும் மூடிக்குள் நுழைத்துத் தசையை அறுத்து, சதையை உருவி எடுத்துவிடுகிறது.

விடியற்காலையில் வேறொரு காட்சி. இரவில் பாசி ஒட்சிசன் தயாரிப்பதில்லை. மற்ற எல்லாரையும் போல அதுவும் சுவாசிக்கிறது. பொழுது விடியும்போது நீரில் ஒட்சிசன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறும். விராலுக்குக் கவலையில்லை. தலைக்குள் காற்றறை வைத்திருப்பதால் மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போய்விடும். குட்டை சேறானாலும் உடம்பு ஈரமாக இருக்கிறவரை தாக்குப்பிடிக்கும்.

நாரைக்குத் தப்பிய நத்தை சேற்றில் இறங்கி, மூடியை இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். மாரியில் தண்ணீர் ஏறினால் மூடி திறக்கும். பெரும்பாலும் அன்றைக்கே நாரையும் வரப்பில் வந்து நிற்கும்.