உணர்வுநிலை: எண்ணம் கையை அசைக்குமா?

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் "நினைவு வந்துடுச்சா சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். கான்ஷியஸ்னஸ் என்பதற்கு மக்கள் வாயில் புழங்கும் சொல் அது. உள்ளே அதைச் சோதிக்கும் விதமும் எளிது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "என் கையை இறுக்கிப் பிடிங்க" என்பார்கள். விரல் மடங்கினால் நினைவு இருக்கிறது. சரி, விரலை மடக்கியது எது? எண்ணம் என்றால், இயற்கை விதி எதையும் மீறாமல் அது எப்படி நடந்தது?

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'கான்' என்றால் சேர்ந்து, 'ஸ்கீரே' என்றால் அறிதல். இன்னொருவரோடு ஒரு விஷயத்தைச் சேர்ந்து அறிந்தவர், அதாவது உடந்தையானவர், என்பது பழைய பொருள். மனசாட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் வந்ததுதான். தன் மனதில் நடப்பதைத் தானே அறிவது என்ற இன்றைய பொருள் 17ஆம் நூற்றாண்டில் ஊன்றியது.

அதே நூற்றாண்டில்தான் நம் கேள்வியும் கூர்மையானது. மனம் ஒரு பொருள், உடல் வேறொரு பொருள் என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட். பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் 1643இல் அவருக்குக் கடிதம் எழுதி, உருவமற்ற ஆன்மா உடலை எப்படித் தள்ளும் என்று கேட்டார். எலிசபெத்துக்குத் திருப்தியான பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. வெளியிலிருந்து மனம் மூளை நரம்பில் ஓர் அயனியை, அதாவது மின்னூட்டம் உள்ள ஓர் அணுவை, தள்ளினாலும் ஆற்றல் கணக்கு உதைக்கும்: ஆற்றல் புதிதாகத் தோன்ற முடியாது என்பது இயற்கை விதி. நுண்துகள்களின் நடத்தையை நிகழ்தகவாகச் சொல்லும் குவாண்டம் இயற்பியல் வழியாகத் தப்பிக்கலாம் என்று நோபல் பரிசு பெற்ற நரம்பியலாளர் ஜான் எக்ல்ஸ் முயன்றார்: ஆற்றலைத் தொடாமல் நிகழ்தகவை மட்டும் மனம் மாற்றுகிறது என்றார். எனக்கு இது ஒப்பவில்லை. அந்த நிகழ்தகவுகளும் விதிப்படி வருபவைதானே? அவற்றை ஒரு பக்கம் சாய்ப்பதும் மீறல்தான்.

மனத்தை வெளியாளாக நினைப்பதில்தான் சிக்கல் என்பது என் துணிபு. அதனால் கான்ஷியஸ்னஸுக்கான தமிழ்ச் சொல்லையும் பார்த்தே எடுக்க வேண்டும். 'பிரக்ஞை' சமஸ்கிருதம், சிறுபத்திரிகைகளில் நன்றாகப் புழங்கியது, ஆனால் பள்ளிப் பிள்ளைக்குப் புரியாது. 'நினைவு' ஞாபகத்தோடு குழம்பும். 'தன்னுணர்வு' தன்னைப் பற்றிய அறிதலாகக் குறுகிவிடும். 'உணர்வு' மட்டும் போட்டால் உணர்ச்சி என்று படிப்பார்கள். 'உணர்வுநிலை' பொருந்துகிறது: உணர்தல் ஒரு செயல், உடல் இருக்கும் ஒரு நிலை. தொல்காப்பியமும் தொடு உணர்வில் தொடங்கும் வரிசையிலேயே மனத்தை ஆறாவது அறிவாக வைக்கிறது.

மனத்தை அப்படி உடலின் ஒரு நிலையாகப் பார்த்தால் விதிமீறல் தேவைப்படுவதில்லை. 1978இல் வெளியான ஓர் ஆய்வில், பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு வலி மருந்தாகவும் இருக்கலாம் என்று சொல்லி மருந்தில்லாத ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அப்புறம் நலாக்சோன் கொடுத்ததும் அவர்களுக்கு வலி கூடியது. நலாக்சோன், மூளை தானே சுரக்கும் வலிநிவாரணிகளின் வேலையைத் தடுக்கும் மருந்து. வலி குறையும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சுரப்பு வழியாகவே வேலை செய்திருக்கிறது. எதிர்பார்ப்பும் மூளையில் நடக்கும் ஒன்று என்பதால் ஆற்றல் கணக்கில் எதுவும் இடிக்கவில்லை.

இந்த வேதியியல் ஏன் 'எனக்கு வலிக்கிறது' என்ற அனுபவமாக இருக்கிறது என்பது தனிக் கேள்வி. தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1995இல் 'கடினமான சிக்கல்' என்று சொன்னது அதைத்தான்.