கைவிளக்கு இருக்க "ஒளிரும் விளக்கு" எதற்கு?

சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவில் புது டார்ச் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், புதுச்சேரியிலும் கடலூரிலும் டார்ச் பிரியர்களிடம் பேச்சு சூடுபிடித்துவிடும். உள்ளேயே அடைத்த பேட்டரியா, கழற்றி மாற்றலாமா, சி டைப் சார்ஜா, வால் பக்கம் காந்தம் உண்டா, சட்டைப்பையில் தானாக எரியாமல் இருக்கப் பூட்டு உண்டா, எப்போது கைக்கு வரும்? வாயால் பேசும்வரை ஒரு குழப்பமும் இல்லை. தமிழில் எழுதிய அறிவிப்பு வந்ததும்தான் வம்பு. "புதிய கச்சிதமான சாவிக்கொத்து ஒளிரும் விளக்கு" என்று அச்சாகியிருக்கிறது. மொழிபெயர்ப்புப் பொறி ஒன்று துப்பியதை மனிதர் ஒருவர் படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டார். இப்போது பெட்டியிலும் கையேட்டிலும் கடை விளம்பரத்திலும் இதே சொல்தான்.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டார்ச்சை அமெரிக்கர் ஃப்ளாஷ்லைட் என்பார்கள். பொறி "ஒளிரும் விளக்கு" ஆக்கியது இதைத்தான். 1899 ஜனவரியில் நியூயார்க்கில் டேவிட் மிசெல் காப்புரிமை பெற்ற கருவியில் கார்பன் இழை பல்பும் வலுவில்லாத உலர் மின்கலங்களும் இருந்தன. சில நொடி எரியவிட்டு அணைத்து, மின்கலத்துக்கு ஓய்வு கொடுத்தால்தான் மறுபடி எரியும். பளிச்சென்று வெட்டி மறைந்ததால் ஃப்ளாஷ். ஆங்கிலேயர் தீவட்டிக்கு வைத்திருந்த டார்ச் என்ற பெயரையே இதற்கும் வைத்தார்கள். அது பிரெஞ்சு வழியாக வந்தது. முறுக்குதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரைச் சேர்ந்தது. முறுக்கிய நாரை மெழுகில் தோய்த்துக் கொளுத்திய காலத்துப் பெயர். பிரெஞ்சுக்காரர் சொல்வது லாம்ப் த போஷ், அதாவது சட்டைப்பை விளக்கு. பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரிந்த சொல்தான்.

இனி "ஒளிரும் விளக்கு". எந்த விளக்குதான் ஒளிராது? குத்துவிளக்கு ஒளிரும், தெருவிளக்கு ஒளிரும், அகல் ஒளிரும். ஒரு பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் பெயர். இதில் பிரிப்பு எங்கே இருக்கிறது? குண்டு பல்புக்கும் குழல்விளக்குக்கும்கூட இதே தொடரைப் போடுகிறார்கள். ஒரே கடைப் பட்டியலில் மூன்று பொருளுக்கு ஒரு பெயர் என்றால் வாங்குகிறவர் என்ன செய்வார்?

சாவிக்கொத்து டார்ச்சுகளில் இது வெறும் இலக்கணச் சிக்கல் இல்லை, காசு போகிற சிக்கல். இந்த வகையில் சிலவற்றின் உடலே இருட்டில் தெரியும். பிளாஸ்டிக்கில் ஒளியை வாங்கி வைத்துக்கொள்ளும் பொடி கலந்திருப்பார்கள். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் பிறகு இருட்டில் பச்சையாகத் தெரிந்து, மெல்ல மெல்ல மங்கும். சுவிட்ச் போடாமல் தானே வெளிச்சம் காட்டுகிற அதைத்தான் ஒளிர்தல் என்ற சொல் சரியாகக் குறிக்கும். மின்மினி ஒளிர்கிறது என்பதுபோல. அந்தச் சொல்லை டார்ச்சுக்கே கொடுத்துவிட்டால், "இருளில் ஒளிரும் ஒளிரும் விளக்கு" என்றுதான் எழுத வேண்டிவரும். அப்படி எழுதக் கூசி ஒரு "ஒளிரும்"-ஐ வெட்டிவிட்டால், உடல் தெரியுமா தெரியாதா என்பதே வாங்குகிறவருக்குத் தெரியாது.

கையேட்டில் இன்னும் மோசம். "ஒளிரும் விளக்கு ஒளிரவில்லை எனில்" என்று தொடங்குகிறது. நாம் விளக்கு எரியவில்லை என்போம். இப்படி எழுதினால் போதும்: "விளக்கு எரியாவிட்டால் வால்மூடியைக் கழற்றுங்கள். பேட்டரியின் கூட்டல் முனை தலைப்பக்கம் இருக்கிறதா பாருங்கள். குழாயின் விளிம்பையும் மூடியின் உள்வளையத்தையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் இறுக்கிப் பூட்டுங்கள்." மின்சாரம் அந்த விளிம்பு வழியாகத்தான் சுற்றி வருகிறது, அங்கே மசகும் அழுக்கும் படிந்தால் விளக்கு மினுக்கும், பிறகு நின்றுபோகும். உப்புக்காற்று அடிக்கிற கடலூர் துறைமுகப் பக்கம் ஸ்பிரிங்கிலும் பச்சை பூக்கும். இதைச் சொல்ல "ஒளிரும்" எதற்கும் தேவைப்படவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் "மின்சூள்" என்பார்கள். இலங்கைத் தமிழில் சூள் என்றால் தீப்பந்தம். மின்சூள் அங்கே பாடநூலிலேயே உள்ள, உயிருள்ள சொல். மதிக்கிறேன். ஆனால் இந்தக் கரையில் சூள் என்றால் சபதம், சூளுரை. கேட்பவருக்குப் பந்தம் நினைவுக்கு வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறவர்கள் "மின்சூழ்" என்று பிழையாக எழுதி, எதையோ சூழ வைக்கிறார்கள். தூய்மை இருக்கிறது, தெளிவு இல்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் தெளிவின் பக்கம்.

இங்கே இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன: கைவிளக்கு. முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சியில் "கையமை விளக்கம்" வருகிறது. நெய் வார்த்து, நெடுந்திரி கொளுத்தி, அணைய அணைய மகளிர் ஏற்றுகிறார்கள். கையோடு கொண்டுபோகும் பொருளுக்குக் கை சேர்ப்பது நம் வழக்கம்: கைக்குட்டை, கைத்தடி, கைக்கடிகாரம், கைப்பேசி. எண்ணெய் விளக்கோடு குழம்புமே என்பார்கள். எண்ணெய் விளக்கை ஏந்திக்கொண்டு இன்று யார் தெருவில் நடக்கிறார்கள்? நெற்றியில் கட்டுவது நெற்றி விளக்கு. அப்படியே, சாவியோடு மாட்டுவது சாவி விளக்கு. எங்கே இருக்கும் என்று சொன்னதும் ஆளுக்குப் பொருள் புரிந்துவிடுகிறது. சாவி போர்ச்சுகீசியச் சொல்லாயிற்றே, "திறவுகோல் விளக்கு" என்று எழுதலாமே என்பவருக்கு: எந்த வீட்டிலும் சாவியை யாரும் வேற்றாளாக நினைப்பதில்லை. பேச்சில் டார்ச், பேட்டரி லைட்டு என்பதும் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் கைவிளக்கு, சாவி விளக்கு.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் பெயரோடு நிற்பதில்லை. அகலமாகப் பரவும் வெளிச்சத்தை ஆங்கிலத்தில் ஃப்ளட் என்பார்கள், அதை அப்படியே "வெள்ள விளக்கு" ஆக்கிவிட்டார்கள். கெடிலமும் பெண்ணையாறும் கரைபுரளும் ஊரில், 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடந்தபின் பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டத்தில், "வெள்ள விளக்கு" என்று படிப்பவர் தண்ணீர் புகாத விளக்கு என்றே வாங்குவார். பரவல் என்று எழுத என்ன தடை? தூரம் போகும் கற்றைக்கு ஆங்கிலத்தில் த்ரோ, அதை "எறிதல்" என்கிறார்கள். தமிழில் டார்ச்சை அடிக்கிறோம். "அங்க கொஞ்சம் லைட்ட அடி" என்றுதானே சொல்கிறோம்? ஆக, அது அடிக்கும் தூரம். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். அது 0.25 லக்ஸுக்கு, ஏறக்குறைய முழுநிலா வெளிச்சத்துக்கு, இறங்கும் இடம்வரை உள்ள தூரம்தான் கணக்கு. கற்றையின் வலிமையைச் சொல்லும் கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும்: 900 கேண்டெலா என்றால் 60 மீட்டர்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது "400 லூமனில் 1 மணி நேரம் தொடர்ந்து ஒளிரும்" என்ற வரி. லூமன் என்பது விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு. மூலத்தில் "தொடர்ந்து" இல்லை. டார்ச்சுகளை அளந்து சொல்வதற்கான எஃப்எல்1 அளவுமுறைப்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ளதே எரியும் நேரம். 400இல் தொடங்கி 40க்கு வரும்வரை. விரல் அளவு உடல் சூட்டைத் தாங்காததால் ஓரிரு நிமிடத்திலேயே வெளிச்சத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். 10 மில்லிமீட்டர் குறுக்களவும் 44 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 10440 லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1.3 வாட் மணி. ஒரு வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்தாலும், 400 லூமன் 20 நிமிடத்துக்குத்தான் காணும். இதே 10440, டிரிபிள் ஏ பேட்டரியின் அளவில்தான் இருக்கும். ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சாவி விளக்கில் இதைப் போட்டால் உள்ளே சர்க்யூட் கருகிவிடக்கூடும். அந்த எச்சரிக்கை வரியைத்தான் "இணக்கமற்ற மின்கலங்கள் ஊக்குவிக்கப்படுவதில்லை" என்று பெயர்த்திருக்கிறார்கள். "10440 போடாதீர்கள், விளக்கு கெட்டுவிடும்" என்று அச்சிட இடம் இருக்கிறது.