கிணற்றடியில் தொடங்கும் பாதுகாப்பு

யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண் தோட்டத்தில் வெங்காயத்துக்கு மருந்தடித்துவிட்டு வருகிறவரை மனைவி படலையடியிலேயே மறிப்பா. "இஞ்சாருங்கோ, உந்த உடுப்போட உள்ளுக்கு வராதேங்கோ." அவர் நேரே கிணற்றடிக்குப் போய், சாரத்தையும் சேட்டையும் கழற்றிப் போட்டுச் சவர்க்காரம் தேய்த்து முழுகிய பிறகுதான் சாப்பிட வருவார். இரசாயன ஆயுதம் வீசப்பட்டால் மக்களை எப்படிக் காப்பது என்று அரசுகள் வகுத்திருக்கும் திட்டங்களிலும் உடுப்பைக் கழற்றிக் கழுவுவது முதல் வேலைகளில் ஒன்று.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. 1936இல் ஜேர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற இரசாயனவியலாளர் பூச்சிகொல்லி தேடிய இடத்தில் அகப்பட்டதுதான் தபுன் என்ற நரம்பு நஞ்சு. 1938இல் சரின் வந்தது. தோட்டத்தில் அடிக்கும் சேதனப் பொசுபரசு என்ற வகைப் பூச்சிமருந்தைவிட இவை பன்மடங்கு கொடியவை. ஆனாலும் உடலில் இரண்டும் கைவைக்கும் இடம் ஒன்றே.

இறைப்பு நேரத்தை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியோடு நிற்பவர் அதன் வாயை அடைத்துவிடுகிறார். நரம்பு ஒரு தசைக்கோ சுரப்பிக்கோ கட்டளை அனுப்பும்போது அசற்றைல்கோலின் என்ற பொருள் அப்படித்தான் பாய்கிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்து நிறுத்தும் நொதியம்தான் மண்வெட்டிக்காரர். நஞ்சு அவருடைய கையைக் கட்டிப்போடுகிறது. தண்ணீர் நிற்காமல் பாய்கிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் நுரை தள்ளும், நெஞ்சுக்குள் சளி நிரம்பும், தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் சோரும். மூச்சு நின்றுதான் பெரும்பாலும் உயிர் போகும்.

முறிவு மருந்தான அற்றோப்பின் ஊசி, நஞ்சு போட்ட அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. பாத்தியின் வாயில் ஒரு பலகையை வைத்துத் தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிறது. சளி வற்றுகிறது. ஆனால் மூச்சுத் தசைகளின் பாத்திக்கு அந்தப் பலகை பொருந்தாது, அதனால்தான் சிலருக்குச் செயற்கைச் சுவாசமும் தேவைப்படுகிறது. கட்டை அவிழ்க்கவென்றே பிரலிடொக்சிம் என்ற மருந்து இருக்கிறது. பிந்தினால் முடிச்சு இறுகிவிடும்: சோமன் என்ற நஞ்சில் சில நிமிடங்களில், சரினில் சில மணித்தியாலங்களில்.

1995 மார்ச் 20ஆம் திகதி டோக்கியோ சுரங்க ரயில்களில் ஒரு மதக்குழு சரினைப் பரப்பியது. செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். பலர் தாமாகவே நடந்தும் வாடகைக் காரிலும் வந்தவர்கள். உள்ளே விடுமுன் யாரும் அவர்களது உடுப்பைக் கழற்றவில்லை, கழுவவில்லை. துணியில் ஒட்டியிருந்த ஆவி மூடிய அறைகளுக்குள் பரவி, ஊழியர்களில் 110 பேருக்குக் கண் மங்கல், தலையிடி போன்ற அறிகுறிகள் வந்தன. உடுப்பைக் கழற்றினாலே நஞ்சின் பெரும்பகுதி போய்விடும் என்பதை மருத்துவ உலகம் அன்று கசப்பாகப் படித்தது. சரின் ஆவி காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் தங்கும். காற்று வரும் திசை நோக்கி, மேட்டுக்குப் போக வேண்டும்.

ஆயுதத்தையே இல்லாமல் செய்வது மற்ற வழி. இரசாயன ஆயுத உடன்படிக்கை 1997இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1994லேயே அதை ஏற்றிருந்தது. நாடுகள் ஒப்புக்கொண்டு அறிவித்த 72,000 தொன்னுக்கும் மேற்பட்ட கையிருப்பில் கடைசித் துளி 2023 ஜூலையில் அழிக்கப்பட்டது. மனிதர் செய்த பெரிய காரியங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். மொனோகுரொட்டோபொஸ் போன்ற கடும் தோட்ட மருந்துகளை 1995இல் இலங்கை தடைசெய்ததையும் இதன் பக்கத்திலேயே வைப்பேன். அந்தத் தடைகளால் காப்பாற்றப்பட்டவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

இனி மருந்துக் கணக்கு. தோட்ட மருந்தால் நஞ்சேறியவர்களுக்கும் இதையே கொடுப்பதால், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி வைத்தியர்களுக்கு அற்றோப்பின் பழகிய மருந்து. நெஞ்சின் கறகறப்பு அடங்கும்வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்குவார்கள். ஒரு குப்பியில் 0.6 மில்லிகிராம். நஞ்சு கடுமையாக ஏறிய ஒருவருக்கு 3 மில்லிகிராமில் தொடங்கினால் 5 குப்பி, அடுத்து 10, அடுத்து 20. கால் மணித்தியாலத்துக்குள் 35 குப்பி. இப்படி 30 பேர் ஒன்றாக வந்தால் ஆயிரத்துக்கும் மேல். இதனால்தான் அமெரிக்க அரசு முறிவு மருந்துப் பெட்டிகளை 1,300க்கும் மேற்பட்ட இடங்களில் முன்கூட்டியே வைத்திருக்கிறது. தெல்லிப்பழையிலும் பருத்தித்துறையிலும் நெடுந்தீவிலும் உள்ள வைத்தியசாலைகளின் அலுமாரிகளில் எத்தனை குப்பி இருக்க வேண்டும் என்பதை, ஒரு நோயாளிக்காக அல்லாமல் 30 பேருக்காகக் கணக்கிட வேண்டும்.