நேத்து சாப்ட்ட கத்திரிக்காய் மேல பழி போடாதீங்க

கொழந்தைக்கு திடீர்னு உடம்பெல்லாம் தடிச்சி செவந்துபோச்சுன்னா எங்க வேலூர் பக்கம் வீட்டுல மொதல்ல சொல்றது காணாக்கடி. ஆயா உடனே வெத்தலையில மிளகு வெச்சி மெல்லக் குடுக்கும், இல்லன்னா பாடம் போடறவர்கிட்ட இஸ்துகினு போய் விபூதி போட்டுகினு வரும். அடுத்தது சாப்பாட்டு விசாரணை. நேத்து மதியம் முள்ளு கத்திரிக்கா கொழம்பு வெச்சமே அதான்னு தீர்ப்பு சொல்லி ஆறு மாசத்துக்கு அந்த வீட்டுல கத்திரிக்காயே கெடையாது.

கத்திரிக்காய்க்கு அலர்ஜியே வராதுன்னு சொல்லல, சில பேருக்கு நெஜமாவே வரும். ஆனா நேத்து மதியம் சாப்ட்டது இன்னைக்கு சாயந்தரம் தடிப்பு போடறது ரொம்ப அபூர்வம்.

ஏன்னா நம்ம ரத்தத்துல ஐஜிஇ-ன்னு ஒரு ஆன்டிபாடி, அதாவது நோய எதுக்கற ஒரு புரோட்டீன் இருக்கு, 1966-ல கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகான்னு ஜப்பான்ல பொறந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் அமெரிக்காவுல வேலை பாக்கும்போது கண்டுபிடிச்சது. குடல்புழு மாதிரி ஒட்டுண்ணிங்கள எதுக்கத்தான் இது உடம்புல உருவாச்சுன்னு நெறைய விஞ்ஞானிங்க நெனைக்கறாங்க. சில பசங்க உடம்பு பால்லயோ முட்டையிலயோ இருக்கற ஒரு புரோட்டீனை எதிரின்னு நெனச்சி அதுக்குன்னே தனியா ஐஜிஇ செஞ்சி வெச்சிக்குது, அது தோல், மூக்கு, குடல், மூச்சுக்குழாய்னு எல்லா எடத்துலயும் இருக்கற மாஸ்ட் செல்லுங்கற நோய் எதிர்ப்பு செல்லுங்க மேல போய் ஒட்டிக்குது. அந்த செல்லுக்குள்ள ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனம் ஏற்கனவே ரொம்பிக் கெடக்கு, திரி கிள்ளி வெச்ச சரவெடி மாதிரி. அடுத்த தடவை அதே புரோட்டீன் உள்ள வந்துச்சுன்னா வெடிச்சிடும். ஹிஸ்டமின் ரத்தக்குழாயை விரிச்சி நீர் கசிய வெக்கறதால தடிப்பு, நரம்பை சீண்டறதால அரிப்பு. புதுசா எதையும் தயார் பண்ண வேண்டியதில்ல பாருங்க, அதனாலதான் சாப்ட்டு சில நிமிஷத்துலயே வருது, மிஞ்சிப்போனா பெரும்பாலும் 2 மணி நேரம்.

அதனால டெஸ்டுக்கு ஓடறதுக்கு முன்னாடி கேட்டுக்க வேண்டியது, சாப்ட்டு எவ்ளோ நேரத்துல வந்துச்சு, அதையே முன்ன சாப்ட்டப்பவும் வந்துச்சா? முட்டை ஊட்டி கால் மணி நேரத்துல உதடு வீங்கி வாயை சுத்தி செவந்து வாந்தி எடுத்து, அடுத்த தடவை ஊட்டினாலும் அதே கதைன்னா அது அலர்ஜியாதான் இருக்கும். ரெண்டு மூணு நாளா லேசா சளி காய்ச்சலோட தடிப்பு இங்க அடங்கி அங்க கெளம்புதுன்னா பெரும்பாலும் வைரஸ், சின்னப் பசங்களுக்கு காணாக்கடி வர்றதுல இதுதான் பெரிய காரணம். தனித்தனியா பாத்தா ஒவ்வொரு தடிப்பும் பொதுவா 24 மணி நேரத்துக்குள்ள தானா மறைஞ்சிடும், விபூதிக்கு நல்ல பேரு கெடைக்கறதே இதனாலதான். முழங்கை, முட்டி மடிப்புல வறண்டு சொறிஞ்சிகினே இருக்கற கரப்பான் மட்டும் வேற ரகம், அது மெதுவாதான் கெளம்பும்.

டெஸ்ட் விஷயத்துல எனக்கு கொஞ்சம் கோவமே உண்டு. நூறு ஐட்டம் பேக்கேஜ்னு ரத்தம் எடுத்து பால், கோதுமை, தக்காளி எல்லாத்துக்கும் பாசிட்டிவ்னு ஒரு பேப்பர் குடுப்பாங்க, அத வெச்சிகினு அம்மாக்காரி பிள்ளைக்கு ரசம் சோறு மட்டும் போட்டு எடை எறங்கவெப்பாங்க. பாசிட்டிவ்னா உடம்புல அந்த ஐஜிஇ இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், சாப்ட்டா ஒண்ணும் ஆகலன்னா அது அலர்ஜி இல்ல. ஐஜிஜின்னு வேற ஒரு ஆன்டிபாடி வெச்சி பண்ற சாப்பாட்டு டெஸ்ட் சுத்த வேஸ்ட். மொத்த ஐஜிஇ ஏறியிருக்குன்னு பயப்படறவங்க, வயித்துல புழு இருந்தாலும் அது ஏறும்னு தெரிஞ்சிக்கணும். முன்கையில சொட்டு வெச்சி லேசா குத்தி 15 நிமிஷம் கழிச்சி தடிப்பை அளக்கற ஸ்கின் பிரிக் டெஸ்ட் பரவால்ல, ஆனா அதுவும் சந்தேகப்படற பொருளுக்கு மட்டும்.

சும்மா நிறுத்தி வெக்கறது கெடுதலாவும் முடியலாம். அலர்ஜி வர வாய்ப்புள்ள பசங்களுக்கு 3 வயசு வரைக்கும் வேர்க்கடலையே குடுக்காதீங்கன்னு அமெரிக்க கொழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2000-ல சொல்லிச்சு, 2008-ல வாபஸ் வாங்கிச்சு. 2015-ல லண்டன்ல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு: கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்கொழந்தைங்கள ரெண்டா பிரிச்சி, பாதிப்பேருக்கு வேர்க்கடலை ஊட்டினாங்க, பாதிப்பேருக்கு கண்ணுலயே காட்டல. 5 வயசுல பாத்தா, சாப்பிடாதவங்கள்ல சுமார் 17 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்ட்டவங்கள்ல 3 சதவீதம்தான். வயிறு வழியா சீக்கிரம் பழகினா உடம்பு ஏத்துக்குது, கரப்பான்ல வெடிச்ச தோல் வழியா மொதல்ல பாத்தா எதிரியாக்கிடுதுங்கறதுதான் இப்போதைய விளக்கம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வெளையற ஊர்ல இத கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா முழுக்கொட்டை தொண்டையில சிக்கிடும், நல்லா மசிய அரைச்சிதான் குடுக்கணும், கடுமையான கரப்பான் உள்ள கொழந்தைன்னா டாக்டர கேட்டுட்டு.

மூக்கு விஷயம் சுருக்கமா. காய்ச்சல் இல்ல, தண்ணியா ஒழுகுது, காலையில எழுந்ததும் வரிசையா தும்மல், ரெண்டு வாரம் தாண்டியும் நிக்கலன்னா அது வெறும் சளி இல்ல. உள்ளங்கையால மூக்கை மேல்நோக்கி தேய்ச்சி தேய்ச்சி மூக்குத்தண்டுல குறுக்கால ஒரு கோடே விழுந்திருக்கும். பாலாத்து ஓரத்து வேலிகாத்தான் மகரந்தம், பார்த்தீனியம் ரெண்டும் காரணமா இருக்கலாம், ஆனா முக்கால்வாசி நேரம் குத்தவாளி மெத்தைக்குள்ளயே இருக்கான். தோல் துகளை தின்னு வாழற டஸ்ட் மைட்ங்கற கண்ணுக்கு தெரியாத பூச்சி, அதோட கழிவுதான் பிரச்சனை. ஐப்பசி கார்த்திகை ஈரத்துல நல்லா பெருகும். எங்க ஊர் வெயில திட்டறவங்க ஒரு மெத்தைய மொட்டை மாடியில போட்டுப் பாக்கட்டும், சூட்டுலயும் வறட்சியிலயும் மைட் செத்துடும், ஆனா கழிவு அப்டியே தங்கும், அதனால தட்டணும், உறையை வெந்நீர்ல தொவைக்கணும்.

வீசிங் வந்தா இன்ஹேலர் பழகிடும்னு சிரப் குடுக்கறாங்க. கணக்கு பாருங்க, மூச்சுக்குழாயை விரிக்கற சால்பூட்டமால் மருந்து சிரப் 5 மில்லியில 2 மில்லிகிராம், இன்ஹேலர் ஒரு பஃப்ல 100 மைக்ரோகிராம், அதாவது இருபதுல ஒரு பங்கு, அதுவும் நேரா நுரையீரலுக்கு. ஸ்பேசர்னு இன்ஹேலர்ல மாட்டற குழாயும் மாஸ்க்கும் மாட்டினா கைக்கொழந்தைக்கே குடுக்கலாம்.

தடிப்போட மூச்சு எளைக்குது, குரல் கம்முது, திரும்பத் திரும்ப வாந்தி, இல்ல கொழந்தை தொவண்டு விழுதுன்னா அப்ப மாத்திரை வேலைக்காகாது. வடநாட்டுல இருந்து ரயிலேறி காட்பாடியில எறங்கி வேலூருக்கு வைத்தியத்துக்கு வர்றாங்க, நம்மாளு மெடிக்கல் ஷாப்ல செட்ரிசின்னு அலர்ஜி மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு உக்காந்து பாத்துகினு இருப்பான். உயிர காப்பாத்தறது அட்ரினலின் ஊசி, தொடையோட வெளிப்பக்க சதையில, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிகிராம், இத ஆஸ்பத்திரியில போடுவாங்க. 108-க்கு போன் போட்டுட்டு கொழந்தைய படுக்கவெச்சி காலைத் தூக்கி வெய்ங்க, மூச்சுத் திணறினா உக்காரவெய்ங்க, எழுந்து நடக்க விடாதீங்க. ஊசி போட்டு தெளிஞ்சதும் கெளம்பிடாதீங்க, சில பேருக்கு சில மணி நேரம் கழிச்சி மறுபடி வரும், டாக்டர் போலாம்னு சொல்ற வரைக்கும் அங்கயே இருங்க.